சர்க்கரைக்கொல்லி இலையும் இன்சுலின் ஊசியும்

"சர்க்கரை வியாதிக்குத்தான் மூலிகை இருக்கிறதே, நம் மிஷன் ஆஸ்பத்திரியில் ஏன் அதைக் கொடுப்பதில்லை?" என்று இந்த ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் அன்பர்கள் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இம்முறை சற்று விரிவாகவே பதில் எழுதுகிறோம்.

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதியிலிருந்து நம்மிடம் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். ஆசிரமத்தைத் தேடி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், சாதுக்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பூக்கட்டும் பெண்கள். சர்க்கரை உள்ளவர்களின் பையைத் திறந்தால் மாத்திரை அட்டையோடு ஒரு பொடிப் பொட்டலமும் இருக்கும். ஆவாரம்பூ, நாவற்கொட்டை, வெந்தயம், சிறுகுறிஞ்சான் எல்லாம் சேர்ந்த பொடி. வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து, பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் கொப்புளம் வெடித்ததே தெரியாமல் புண்ணோடு வருகிறவர்களிடமும் அது இருக்கும்.

இந்தப் பொடிகளை நாங்கள் இகழ்வதில்லை. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. ஆனால் அதே இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தில் கில்காலில் நடந்ததும் எழுதியிருக்கிறது. பஞ்சகாலத்தில் கீரை பறிக்கப் போன ஒருவன், இன்னதென்று அறியாமல் பேய்க்கொம்மட்டிக் காய்களை மடிநிறையக் கொண்டுவந்து கூழ்ப்பானையில் அரிந்துபோட்டான். அவன் எண்ணம் நல்லதுதான். பானையிலே சாவு இருந்தது.

சிறுகுறிஞ்சானையே எடுத்துக்கொள்வோம். இதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். அதனால்தான் சர்க்கரைக்கொல்லி என்று பெயர். உதகமண்டலத்தில் அரசாங்க இரசாயன நிபுணராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887-ல் இந்த இலையிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நாவில் இனிப்பை அறியும் இடங்களை அது சிறிது நேரம் அடைத்துவிடுகிறது. நாவில் இனிப்பு மறைந்ததால் இரத்தத்திலும் சர்க்கரை குறைந்துவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு காரியங்கள்.

இரத்தச் சர்க்கரையைப் பற்றிய ஆராய்ச்சியும் நம் மாகாணத்திலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் 1990-ல் வெளியிட்ட ஆய்வுகளில், ஊசி போடும் 27 பேருக்கு இலைச்சாற்றிலிருந்து எடுத்த மருந்தை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். இன்சுலின் தேவை குறைந்தது. மாத்திரை சாப்பிடும் 22 பேருக்கு 18 முதல் 20 மாதங்கள் கொடுத்ததில் 5 பேர் மாத்திரையை விட முடிந்தது. மற்ற 17 பேரைப் பற்றிப் பொடி விற்கிறவர் சொல்வதே இல்லை!

நல்ல செய்திதான். ஆனாலும் குறை ஒன்று உண்டு. ஆராய்ச்சியில் சேர்ந்தவர் ஒழுங்காகச் சாப்பிடுவார், நடப்பார், தவறாமல் பரிசோதனைக்கு வருவார். இதனாலேயே சர்க்கரை இறங்கும். இறக்கியது இலையா, ஒழுங்கா என்று அறிய வேண்டுமானால், சீட்டுப்போட்டு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு அதேபோல் தோற்றமுள்ள வெறும் குளிகையும் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியக்கூடாது. அந்த 1990 ஆய்வுகளில் இப்படிச் செய்யவில்லை. தவிர, அங்கே அளந்து கொடுத்தார்கள். பொட்டலத்திலிருந்து எடுக்கும் ஒரு சிட்டிகையில் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று யார் அறிவார்? சில "மூலிகை"ப் பொடிகளில் சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது பிடிபட்டதும் உண்டு. சிறுகுறிஞ்சான் சாப்பிட்ட ஒருவருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2010-ல் மருத்துவ இதழொன்றில் செய்தி வந்தது.

பொறுமையாகச் சோதித்தால் பலன் கிடைக்காமல் போகாது. நம் மருந்தகத்தில் அன்றாடம் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகம், ஐரோப்பியர் பழங்காலத்தில் பயன்படுத்திய கலேகா என்ற செடிதான். அதிலிருந்த பொருளை நேராகக் கொடுத்தபோது நஞ்சாயிருந்தது. அதைச் சார்ந்த வேறு பொருட்களை உண்டாக்கிச் சோதித்து, 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜீன் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினைச் சர்க்கரை வியாதிக்கு அறிமுகம் செய்தார்.

எங்களை வருத்துகிற காரியம் வேறு. முதல் வகைச் சர்க்கரை வியாதியில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றும்வரை, இவ்வியாதி வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்றும் ஊசியை நிறுத்தினால் சில நாட்களுக்குள் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகிறது. பொடியை நம்பி ஊசியை நிறுத்திய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறபோது, அந்தத் தாயின் பக்கத்தில் நின்று ஜெபிக்கக் கூப்பிடப்படுகிறவர்கள் நாங்கள்.

ஆகவே பொட்டலத்தைக் கண்டு யாரையும் கடிந்துகொள்வதில்லை. கடிந்தால் அடுத்தமுறை மறைத்துவிடுவார்கள். பெயரைக் கேட்டு அட்டையில் எழுதிக்கொள்கிறோம். மாத்திரையோடு பொடியும் சேர்ந்து சர்க்கரை அளவுக்குமீறி இறங்கிவிடாதபடி அடிக்கடி இரத்தம் பார்க்கிறோம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களை அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குச் சீட்டெழுதி அனுப்புகிறோம். ஊசி மட்டும் நிற்கக்கூடாது.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி, ஏழைப் பிள்ளைகளின் இன்சுலினுக்கும் இரத்தம் பார்க்கும் பட்டைகளுக்கும் செலவாகிறது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் மருந்துக்குப்பியைக் குளுமையாக வைக்கும் விதத்தைச் செவிலியர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பானையும் உங்கள் காணிக்கையில் வாங்கியதுதான்.