மலிவு விலையில் ஜப்பான் டிராக்டர்! பெயின்ட்டில் மயங்கும் அமெரிக்க விவசாயிகள்

அமெரிக்காவில் பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அதன் பெயர் ‘கிரே மார்க்கெட்’.

ஜப்பான் நெல் வயலில் பல வருஷம் உழைத்து ஓய்ந்த சின்ன டிராக்டர்கள்தான் சரக்கு. குபோட்டா, யான்மார் என்று பெரிய பெயர். வியாபாரிகள் அவற்றை வாங்கி, கழுவி, பெயின்ட் அடித்து, கப்பல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சாவி போட்டால் ஒரே திருப்பில் ஸ்டார்ட்! விலையும் மலிவு. பிறகென்ன, பேரம் முடிந்தது!

திருட்டுச் சரக்கல்ல; போலியும் அல்ல. அசல் கம்பெனி வண்டிதான். ஆனால் ஜப்பான் வயலுக்கென்று செய்தது. ஒரு கியர் உடைந்தால் அமெரிக்க டீலர், “இது எங்க மாடல் இல்லீங்க” என்று கையை விரித்துவிடுவார்.

தடை வந்தது

குபோட்டா தரப்பு புகார் செய்ததன்பேரில், அமெரிக்க சர்வதேச வர்த்தக கமிஷன் 1997-ல் 20-க்கும் மேற்பட்ட மாடல்களுக்குத் தடை போட்டது. இறக்குமதியாளர்கள் அப்பீல் செய்தார்கள். 1999-ல் கோர்ட்டிலும் தோல்வி. ஆனால், அதற்கு முன்பே உள்ளே வந்த வண்டிகள்?

கண்டுபிடிப்பது எப்படி?

கியர் லீவர் பக்கம் ஜப்பானிய எழுத்து இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில கில்லாடிகள் அதைச் சுரண்டிவிட்டு இங்கிலீஷ் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அப்போது மாடல் நம்பர்தான் துப்பு. யான்மாரில் அமெரிக்காவுக்கென்று வந்தது ‘ஒய்.எம்.240’. அதன் ஜப்பான் ஜோடி ‘ஒய்.எம்.2000’. மூன்று இலக்கமா, நான்கு இலக்கமா என்று எண்ணினாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

மணிக்கணக்கு மீட்டரை நம்பவேண்டாம். கிளட்ச் பெடல் தேய்ந்து வழவழப்பாகி, மீட்டர் மட்டும் 400 மணி என்றால், பெடல் சொல்வதே நிஜம்!

உயிருக்கு ஆபத்து

அங்கே பண்ணை வேலையில் அதிக உயிர்களைப் பலி வாங்குவது டிராக்டர் கவிழும் விபத்துதான். கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் இரும்பு வளைவு இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகி முன்னே பாய்கிறவையும் உண்டு.

இன்னொன்று, பின்பக்கத்து பி.டி.ஓ. தண்டு. அமெரிக்காவில் சின்ன டிராக்டருக்கான கருவிகள் நிமிஷத்துக்கு 540 சுற்று என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஜப்பான் வண்டியில் அதைவிட வேகமான கியர்களும் இருக்கும். தெரியாமல் புல்வெட்டியை மாட்டி வேகக் கியரில் தட்டினால், பிளேடு தெறித்துவிடலாம்!

அதற்காக எல்லாமே குப்பை என்பதும் நியாயமில்லை. பல யான்மார் மாடல்களுக்கு வெளிக் கடைக்காரர்கள் பார்ட்ஸ் வைத்திருக்கிறார்கள். ஆகவே விவரம் தெரிந்த விவசாயி அட்வான்ஸ் கொடுக்குமுன் மாடல் நம்பரையும் சீரியல் நம்பரையும் குறித்துக்கொண்டு ஒரு போன் போடுகிறார். கிளட்ச் தட்டு, ஹெட் கேஸ்கட், ஸ்டார்ட்டர்... “ஸ்டாக் இருக்கு” என்று பதில் வந்த பிறகுதான் பையில் கை வைக்கிறார்.