பாட்டாகிய வாழ்வு: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

(மூன்றாம் ஆண்டு வரலாற்றுத் துறை மாணவர்)

மார்கழி மாதத்துப் பின்னிரவு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பனி கரும்புத் தோட்டங்களின் மீதும் நெல் வயல்களின் மீதும் படிந்து கிடக்கும். அவ்வேளையில் எங்கள் தெருவில் ஓர் ஆர்மோனியமும், ஒரு டோலக்கும், இரண்டு சோடிக் கைத்தாளமும் சேர்ந்து ஒலிக்கும். கிறித்து பிறப்பு விழாவையொட்டி வீடு வீடாகச் செல்லும் பஜனைக் கூட்டம் அது. முன்னே நின்று பாடுபவர் என் தாத்தா. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் எழுதப்பெற்ற கீர்த்தனைகளை ஓர் எழுத்தும் பிசகாமல் பாடுவார். அக்கீர்த்தனைகளுள் பலவற்றை இயற்றியவர் வேதநாயக சாஸ்திரியார்.

இவர் யார்? எவ்வாறு வாழ்ந்தார்? இவருடைய பாட்டு தஞ்சை அரண்மனையிலிருந்து எங்கள் தெருவரை எப்படி வந்து சேர்ந்தது? இவற்றை ஆராயப் புகுந்தபோது மகிழ்ச்சி தரும் செய்திகளோடு மனத்தை வருத்தும் செய்தி ஒன்றும் கிடைத்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

வேதநாயகம் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் சைவ வேளாளர் மரபில் தோன்றிக் கிறித்தவம் தழுவித் தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர். அக்காலத்தில் தஞ்சையைத் தம் பணியிடமாகக் கொண்டிருந்த செருமானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798), சிறுவன் வேதநாயகத்தின் அறிவுக் கூர்மையைக் கண்டு தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார்.

அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த மற்றொரு மாணவர்தாம் பின்னாளில் தஞ்சை மன்னராகிச் சரசுவதி மகால் நூலகத்தைச் செழிக்கச் செய்த இரண்டாம் சரபோஜி. மன்னராக வேண்டியவரும் பாடகராக வேண்டியவரும் ஒரே ஆசானிடம் பயின்றனர்! இந்த இளமைத் தொடர்பு மன்னர் 1832இல் மறையும் வரை நீடித்தது.

பின்னர் வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே கடற்கரை ஊர் அது. அங்கே இறையியலோடு வானநூல், நிலநூல், கணிதம் ஆகியவற்றையும் கற்றார். இருபது வயதை எட்டுமுன்பே தஞ்சையில் ஆசிரியரானார். பகலில் பாடம் நடத்துவதும், மற்ற நேரங்களில் பாட்டு இயற்றுவதும், ஊர் ஊராகச் சென்று அவற்றைப் பாடிப் பொருள் கூறுவதுமாக அவர் வாழ்வு அமைந்தது. 1864ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறையும் வரை பாட்டே அவருடைய மூச்சாக இருந்தது.

எடுத்த வடிவங்கள்

சாஸ்திரியாரின் தனிச்சிறப்பு அவர் கையாண்ட வடிவங்களில் உள்ளது எனலாம். மேலை நாட்டுத் துதிப்பாடல்களை அதே மெட்டில் மொழிபெயர்த்துப் பாடும் வழக்கம் அக்காலத் திருச்சபைகளில் இருந்தது. சொல் தமிழாக இருக்கும். ஆனால் ஓசை தமிழ்ச் செவிக்கு அயலாக இருக்கும். சாஸ்திரியாரோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பை எடுத்துக்கொண்டார். அத்துடன் நிற்கவில்லை. குறவஞ்சி, கும்மி, நொண்டி நாடகம், உலா எனத் தமிழ் மக்கள் பாடியும் ஆடியும் வந்த வடிவங்களையும் தம் சமயத்திற்கு அழைத்து வந்தார்.

அவற்றுள் தலையாயது 1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சியின் கதை நாம் அறிந்ததே. தலைவனின் உலாவைக் கண்டு தலைவி காதல் கொள்வாள், வருந்துவாள், மலைக்குறத்தி வந்து தன் மலைவளம் பாடிக் குறி சொல்வாள், பின்னர்க் குறத்தியைத் தேடிச் சிங்கன் வருவான். இக்கதையைச் சாஸ்திரியார் அப்படியே எடுத்துக்கொண்டு, தலைவனைக் கிறித்துவாகவும், தலைவியைத் திருச்சபையாகவும், குறி சொல்லும் குறத்தியை விசுவாசமாகவும் மாற்றினார். கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இது தனிச்சுவை தருவது. மலையிலிருந்து கூடையோடு இறங்கி வரும் பெண்ணின் வாயில் அவர் தம் சமயத்தின் மிக உயர்ந்த உண்மையை வைத்தார்!

இந்நூலில் மற்றொரு வியப்பும் உண்டு. கதிரவனை நடுவாகக் கொண்டு பூமியும் பிற கோள்களும் சுற்றுகின்றன என்னும் கோப்பர்னிக்கசின் கொள்கையைச் சாஸ்திரியார் இக்குறவஞ்சியிலே பாட்டாக்கியுள்ளார். அறிவியல் தமிழ் என்று நாம் இன்று பேசுகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பள்ளி ஆசிரியர் அதைச் செய்து காட்டிவிட்டார்.

நொண்டி நாடகமும் இத்தகையதே. தவறான வழியில் சென்று காலை இழந்த கள்வன் ஒருவன் மனம் திருந்தி, இறையருளால் மீண்டும் கால் பெறுவதே அவ்வகை நாடகத்தின் கதை. இதைவிடக் கிறித்தவ மனமாற்றத்திற்குப் பொருந்தும் கதை வேறு எது? சாஸ்திரியார் அதை ஞான நொண்டி நாடகமாக்கினார்.

சரபோஜி மன்னர் அவரைத் தம் அவைப் புலவர்களுள் ஒருவராக வைத்து ஆதரித்தார். மன்னர் பெரிய கோயில் இறைவன்மீது பாடக் கேட்டபோது, தம் நம்பிக்கை இடந்தராது என்று சாஸ்திரியார் பணிவுடன் மறுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மறுத்தவரை மன்னர் தண்டிக்கவில்லை, நட்பும் குறையவில்லை. பாடியவரின் உறுதியும் கேட்டவரின் பெருந்தன்மையும் ஒருங்கே வெளிப்படும் இடம் இது.

கடலுக்கு அப்பால் ஒரு பாடகர்

இவ்விடத்தில் வேறொரு நாட்டுப் பாடகரையும் நினைவுகூர்வது பொருந்தும். அமெரிக்காவில் அடிமைகளாக வாழ்ந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் தம் துயரத்தைப் பாடிய பாட்டுக்குப் ‘புளூஸ்’ என்று பெயர். ஓர் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவது அதன் பழகிய அமைப்பு. நம் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு அதன் உருக்கம் புதிதாகத் தோன்றாது.

1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த தாமஸ் டார்சி இவ்வகைப் பாட்டில் புகழ்பெற்றவர். தந்தை ஊர் ஊராகச் சென்ற சமயப் போதகர். தாய் ஆர்கன் வாசிப்பவர். மகனோ இரவு விடுதிகளில் புளூஸ் பாடியும் பியானோ வாசித்தும் பிழைத்தார். பின்னர் அந்த இசையின் நெளிவுசுளிவுகளையே வைத்துக் கிறித்தவப் பாடல்கள் இயற்றினார். தெருப்பாட்டைத் தேவாலயத்துக்குள் கொண்டுவருகிறாரே என்று பல சபைகள் கதவடைத்தன. 1932இல் அவர் வெளியூரில் பாடச் சென்றிருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்தார். பிறந்த குழந்தையும் இறந்தது. அத்துயரில் அவர் இயற்றிய பாடல் உலகெங்கும் பரவியது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கிலும் அது பாடப்பெற்றது. டார்சி 1993இல் தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார்.

தஞ்சைக்கும் ஜார்ஜியாவுக்கும் என்ன தொடர்பு? மக்களின் வாயில் வாழும் இசைதான் இறைவனைப் பாடவும் தகுந்தது என்று இருவரும் நம்பினர் என்பதே தொடர்பு. இருவரும் அதற்காகத் தம் சபையாரிடமே போராட நேர்ந்தது. தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனரிகளுள் சிலர் தமிழ் வழக்கங்களை ஐயத்தோடு நோக்கினர். ஆனால் காலம் சாஸ்திரியாரின் பக்கம் நின்றது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் என்பார் அவருடைய பாடல்களின் அருமையை உணர்ந்து திரட்டி, 1853இல் கீர்த்தனை நூலாக அச்சிட்டார். அச்சேறிய பாட்டு சபை வேறுபாடின்றித் தமிழகமெங்கும் பரவியது. முன்னாளைய தென்னார்க்காடு மாவட்டத்தில் டேனிஷ் மிஷனரிகள் சபைகளை அமைத்தபோது, கீர்த்தனையும் இப்பகுதிக்கு வந்து வேரூன்றியது.

வருத்தும் உண்மை

இதுவரை கூறியது பெருமை. இனிக் கூறுவது வருத்தம்.

திருச்சபைக்குள் சாதி இருத்தலாகாது, உயர்த்தப்பட்டோரும் தாழ்த்தப்பட்டோரும் ஒன்றாக அமர வேண்டும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற வேண்டும் என்று புதிய மிஷனரிகள் வலியுறுத்தினர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் கைவிடும்படி ஆணையிட்டார். தஞ்சை வேளாளக் கிறித்தவர்களுள் பலர் இதை எதிர்த்தனர். எதிர்த்தவர்களுக்காக எழுதுகோல் ஏந்தியவர் வேதநாயக சாஸ்திரியார்! சாதியைத் திருத்த முயல்வது பைத்தியக்காரத்தனம் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1829இல் ஒரு நூலே எழுதினார். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை மாற்றியமை, தமிழ் வழக்கங்களைத் தடுத்தமை ஆகிய குறைகளையும் அவர் தரப்பார் எழுப்பினர். அவற்றில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றாக அமர மறுத்ததில் என்ன நியாயம் இருக்க முடியும்?

இச்செய்தியை நூலகத்தில் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் யாருடன் சேர்ந்து அமர மறுத்தாரோ அந்த மக்களின் வழியில் வந்தவன் நான். விடுதி நண்பர் ஒருவர், “உங்களை ஒதுக்கியவரின் பாட்டையா இன்னும் பாடுகிறீர்கள்?” என்று கேட்டார். விடை சொல்ல என்னால் இயலவில்லை.

விடுமுறையில் ஊருக்குச் சென்று தாத்தாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியா எழுதினாரு?” என்றார். சற்றுக் கழித்து, “எழுதினவரு போயிட்டாரு கண்ணு. பாட்டு நம்மகிட்ட இருக்குது. பொழுதுக்கும் நாத்து நட்டுட்டு வந்து பாடுனது நாம. இது யாரு பாட்டு இப்போ?” என்றார்.

அக்கேள்வியை எண்ணிப் பார்க்கிறேன். சாஸ்திரியார் எடுத்துக்கொண்ட கும்மியும் நொண்டியும் குறத்திப் பாட்டும் அரண்மனையில் பிறந்தவை அல்ல. களத்திலும் தெருவிலும் மலையிலும் உழைத்த மக்களிடம் பிறந்தவை. அவற்றை அவர் வாங்கினார். தம் புலமையால் அழகு செய்தார். ஆனால் அவற்றைத் தந்தவர்களோடு சமமாக அமர மறுத்தார். ஆகவே அப்பாட்டு எங்கள் தெருவுக்கு வந்தது ஒருவர் இட்ட பிச்சை அன்று. பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணின் வரவு. புளூஸ் இசை தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இவ்வாறே அன்றோ?

இதனால் சாஸ்திரியாரின் குற்றம் கரைந்துவிடும் என்று நான் கூறவில்லை. அவர் பாட்டில் பாடிய அன்பு அவருடைய வாழ்விலும் முழுமை பெற்றிருந்தால் எத்துணை நன்றாக இருந்திருக்கும்! பாட்டின் இனிமையைக் காட்டிக் குறையை மறைப்பதும் தவறு. குறையைக் காட்டிப் பாட்டை எறிவதும் தவறு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு பயிலும் மாணவனின் கடமை.

முடிவுரை

சாஸ்திரியாரின் வழித்தோன்றல்கள் அவருடைய நூல்களைக் கதாகாலட்சேபமாகப் பாடும் மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். அச்சும் குடும்பமும் காத்ததால் அவர் பாட்டு நிலைத்தது. காப்பார் இல்லாத பாட்டுகள் எத்தனை! நம் கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் திருவிழாவிலும் அறுவடையிலும் இறப்பிலும் பாடும் பாட்டுகளை யார் எழுதி வைத்துள்ளோம்? நம் வகுப்பில் அம்மலையிலிருந்து வரும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு பாட்டையாவது கேட்டு எழுதி வருவோம். எழுதும்போது பாடியவரின் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதுவோம். பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பாடியவரை வாசலிலேயே நிறுத்திவிடும் பழைய தவற்றை நாமும் செய்யலாகாது.

என் தாத்தாவுக்கு இப்போது குரல் நடுங்குகிறது. வரும் மார்கழியில் முன்னே நின்று பாடுமாறு என்னைப் பணித்திருக்கிறார். பாடுவேன். யாருடைய பாட்டு என்று கேட்பவர்களுக்கு முழுக் கதையையும் சொல்வேன்.