உங்களுக்குத் தெரியுமா? – தாமிரபரணி

● பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். ஊற்று முதல் கடல் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு இது. தண்ணீர் தரவில்லை என்றோ, கழிவைக் கலந்துவிட்டார்கள் என்றோ பக்கத்து மாநிலத்தைக் கைகாட்ட முடியாது. இதில் சேரும் சாக்கடை முழுவதும் நம்முடையது.

● தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் இதற்குக் கிடைக்கின்றன. அதனால்தான் நெல்லைச் சீமையில் கார், பிசானம் என்று இரண்டு போகம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை குறுக்கே 8 அணைக்கட்டுகள் உள்ளன. ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் ஆங்கிலேயர் வருமுன்பே கட்டப்பட்டவை.

● பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. காரணம், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்!

● நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆற்றைக் கடக்க ஓடம்தான். அரசு உத்தியோகத்தில் இருந்த அந்த மனிதர் தன் குடும்பச் சொத்தைக் கொடுத்து இதைக் கட்டவைத்தார். ஊருக்காக இப்படிச் செய்தவரின் பெயரை, பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டும்.

● ஆற்று மணலின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். வெள்ளம் வரும்போது அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்து தங்கும். மெல்ல நகரும், வடிகட்டப்படும், கரையோரக் கிணறுகளுக்கு ஊறும். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகள் நமக்குக் குடிநீர் தருவது இதனால்தான். மணலை அள்ளிவிட்டால் வெள்ளம் நிற்காமல் கடலுக்குப் போய்விடும். கோடையில் கிணற்றில் கயிறுதான் நீளும். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு, 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 85 வயது!

● பாபநாசம் படித்துறையில் நீராடிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் இருக்கிறது. பருத்தித் துணியாவது மக்கும். பாலியெஸ்டர் மக்காது; பாறையிலும் மரவேரிலும் சுற்றிக்கொண்டு பல ஆண்டுகள் கிடக்கும், குளிக்க இறங்குபவர் காலையும் பற்றும். தன்னார்வலர்கள் வாரி வாரி வெளியே எடுக்கிறார்கள், மறுபடியும் சேர்கிறது. கும்பிட்டு இறங்கிய அதே ஆற்றில் ஈரத்துணியை வீசாமல் கரையேற்றிவிடுங்கள்.

● இந்த ஆற்றால் நிரம்பும் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி 2011 முதல் நடந்து வருகிறது. ஜனவரி வாக்கில் நடக்கும் இந்தக் கணக்கெடுப்பில் கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். பறவைகளின் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். உடன் வருபவர்கள் சொல்லித்தருவார்கள்.