புழங்குபொருள் வரலாறு – 17: டாலஸ் வெயிலில் ஒரு கறுப்புக் குடை

மன்னனின் வெண்கொற்றக்குடை வெயிலை மறைக்க எடுத்ததன்று, வருந்தும் குடிகளுக்கு நிழலாக எடுத்தது என்று வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனுக்கு உணர்த்திய புறநானூற்றுச் செய்தி சென்ற வாரமே விரிவாகப் பேசப்பட்டுவிட்டதால், அதை இங்கே மீண்டும் விளக்கத் தேவையில்லை. அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரியதாக இருந்த குடை சாதாரண மனிதரின் கைக்கு வந்த பின்னர், அதன் குறியீட்டு ஆற்றல், அதாவது தன்னைத் தவிர வேறொன்றைச் சுட்டி நிற்கும் ஆற்றல், என்னவாயிற்று என்பதே இந்த வாரத்துக்குரிய கேள்வி.

லண்டன் தெருக்களில் 1750களில் ஜோனஸ் ஹான்வே என்பவர் குடை பிடித்து நடந்தபோது, மழை பெய்தால்தான் சவாரி கிடைக்கும் என்றிருந்த குதிரைவண்டிக்காரர்கள் தங்கள் பிழைப்பு கெடுவதைக் கண்டு அவரை ஏசினர். ஆண்மகன் குடை பிடிப்பது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணமும் அப்போது வலுவாக இருந்தது. 1852-இல் சாமுவேல் ஃபாக்ஸ் எஃகுக் கம்பிகளாலான சட்டத்தை உருவாக்கியதும் குடையின் எடை குறைந்தது. அதன் பின் அது பரவலாகி, சுருட்டி இறுக்கிய கறுப்புக் குடை லண்டன் அலுவலகக் கனவானின் அடையாளமாகவே நிலைத்தது. அந்தக் கனவான்களில் ஒருவராகவே பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின் உலகின் பார்வைக்கு வந்தார்.

1938 செப்டம்பரில் மூன்று முறை ஜெர்மனிக்குப் பறந்து ஹிட்லரைச் சந்தித்த அவர், செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மானியர் மிகுந்து வாழ்ந்த சுடேட்டன்லாந்தை ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்க மியூனிக்கில் உடன்பட்டுவிட்டு, செப்டம்பர் 30 அன்று சமாதானத்தோடு நாடு திரும்பியதாக அறிவித்தார். போகுமிடமெல்லாம் அவர் கையோடு சென்ற குடையைக் கேலிச்சித்திரக்காரர்கள் உடனே பற்றிக்கொண்டனர். போர் தவிர்க்கப்பட்டது என்று நம்பிய ஐரோப்பிய மக்கள் அதைச் சமாதானத்தின் சின்னமாகக் கொண்டாடினர். சர்க்கரையால் செய்த சின்னக் குடைகள்கூடக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஆனால் 1939 மார்ச்சில் ஜெர்மன் படைகள் பிராக் நகருக்குள் நுழைந்து, செப்டம்பரில் போரும் மூண்டுவிட்ட பிறகு, அதே குடை கோழைத்தனத்தின் சின்னமாயிற்று. ஆக்கிரமிப்பவன் கேட்பதைக் கொடுத்துப் போரைத் தள்ளிப்போடும் போக்கை வரலாற்று நூல்கள் ‘சாந்தப்படுத்தும் கொள்கை’ என்று குறிப்பிடுகின்றன. அந்தக் கொள்கையின் மீதான வெறுப்பு முழுவதையும் சுமக்கும் பொருளாகக் குடை மாற ஓராண்டுகூட ஆகவில்லை. குடையின் துணியோ கம்பியோ கைப்பிடியோ எள்ளளவும் மாறாதிருக்க, அதைப் பார்த்த கண்கள்தாம் மாறின.

இந்தப் பொருள்மாற்றம் எத்தனை தொலைவு பயணம் செய்தது என்பதற்கு டாலஸ் நகரத்துச் சான்றைவிட வியப்பானது வேறில்லை. 1963 நவம்பர் 22 அன்று காலையில் பெய்த மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நண்பகல் 12.30 மணியளவில் அதிபர் ஜான் கென்னடியின் திறந்த கார் எல்ம் தெருவில் இறங்கி வந்தபோது, நடைபாதையோரத்தில் நின்ற ஒருவர் கறுப்புக் குடையை விரித்து உயர்த்திப் பிடித்தார். சில நொடிகளில் குண்டுகள் பாய்ந்தன. மக்கள் நாலாபுறமும் ஓடிக்கொண்டிருக்க, அந்த மனிதர் நடைபாதையின் விளிம்பில், பக்கத்தில் நின்றிருந்த இன்னொருவரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்பதை அன்று எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் காட்டுகின்றன. மழையில்லாத பொழுதில், கூட்டத்தில் வேறு எவரும் குடை விரிக்காத இடத்தில், சரியாகக் கொலை நடக்கும் கணத்தில் விரிந்த அந்தக் குடையைச் சுற்றிச் சதிக்கதைகள் பெருகின. மறைந்திருந்த கொலையாளிகளுக்கு அவர் சைகை காட்டினார் என்றனர் சிலர். குடைக்குள்ளேயே நச்சு ஊசியை எய்யும் கருவி இருந்தது என்று படம் வரைந்தே விளக்கினர் வேறு சிலர்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன் அந்த மனிதர் வந்து சாட்சியம் அளித்தார். காப்பீட்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்த அவர் தம் கறுப்புக் குடையையும் கொண்டுவந்திருந்தார்; குழுவினர் அதை விரித்துப் பார்த்தனர். அவர் தந்த விளக்கம் எந்தச் சதிக்கதையிலும் இல்லாதது. கென்னடியின் தந்தை ஜோசஃப் கென்னடி 1938 முதல் 1940 வரை லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து, சேம்பர்லினின் கொள்கையை ஆதரித்தவர். எனவே குடையைக் காட்டினால் அந்தக் குடும்பத்துக்கு உறுத்தும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மகனைச் சீண்டிப்பார்க்கவே குடையோடு அங்கே போய் நின்றதாக அவர் கூறினார். இது அவருடைய தனிப்பட்ட விசித்திரமும் அன்று. 1961-இல் பெர்லின் சுவர் எழுந்தபோது, கென்னடி அதைத் தடுக்கவில்லை என்ற கோபத்தில் பான் நகர மாணவர்கள் அவருக்குக் கறுப்புக் குடையொன்றை அனுப்பிவைத்திருந்தனர். ஹார்வர்டில் படித்தபோது மியூனிக் உடன்பாட்டையே ஆய்வேடாக எழுதி, 1940-இல் அதை நூலாகவும் வெளியிட்ட கென்னடிக்கு அந்தக் குடையின் பொருள் உறுதியாகப் புரிந்திருக்கும்.

அந்தச் சாட்சியம் அளிக்கப்பட்ட அதே மாதத்தில், செப்டம்பர் 7 அன்று, பல்கேரிய ஆட்சியை எதிர்த்து எழுதிய கியோர்கி மார்க்கோவ் லண்டனின் வாட்டர்லூ பாலத்தருகே தொடையில் ஏதோ சுருக்கென்று தைத்ததை உணர்ந்து திரும்பியபோது, ஒருவன் கீழே கிடந்த குடையை எடுத்துக்கொண்டு விலகியதைக் கண்டார் என்பதும், நான்கு நாள் கழித்து அவர் இறந்ததும், ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கப்படும் ரிசின் என்ற நஞ்சை ஏந்திய, இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய உலோகக் குண்டு அவர் உடலில் கிடைத்ததும் இந்தக் கதையோடு சேர்த்தே வாசிக்கத்தக்கவை. டாலஸ் குடையைப் பற்றிப் பரவிய கற்பனை, முற்றிலும் வேறொரு குடையைப் பற்றிய நம்பத்தகுந்த சந்தேகமாக லண்டனில் வந்து நின்றது.

புழங்குபொருள் ஆய்வில் இந்நிகழ்ச்சிகள் சேர்ந்து காட்டும் உண்மை ஒன்று உண்டு. ஒரு பொருளின் குறியீடு அந்தப் பொருளில் தங்குவதில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர்களின் நினைவில்தான் தங்குகிறது. 1938-இன் நினைவு தேய்ந்துவிட்ட அமெரிக்கர்களின் கண்ணில் டாலஸ் குடை பொருளற்றதாகிவிடாமல், வேறொரு பொருளை, அதுவும் அச்சமூட்டும் பொருளை, ஏற்றுக்கொண்டது. பழைய பொருள் வெளியேறிய இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஹாங்காங்கில் 2014-இல் மிளகுத் தூவியைத் தடுக்க மாணவர்கள் விரித்த குடைகள், எவரும் திட்டமிடாமலே, 79 நாள் நீடித்த ஓர் இயக்கத்துக்குப் பெயரையே தந்ததையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே பயன்பாடு முந்தியது, குறியீடு பிந்தியது.

இந்த வாரத்துக்கென்று முன்பு அறிவிக்கப்பட்டிருந்த திருவிதாங்கூர்க் குடை வரலாறு, டாலஸ் செய்தி பக்கங்களை எடுத்துக்கொண்டதால் அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. தென்திருவிதாங்கூரில் சாணார் என்று அன்று குறிக்கப்பட்ட நாடார் சமூகத்தினர் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த காலத்தில், மழையில் நனையாதிருப்பதும் வெயிலில் காயாதிருப்பதும் சாதியைப் பொறுத்த உரிமைகளாக இருந்தன. அந்தத் தடை எவ்வாறு நடைமுறைப்படுத்தப்பட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது எவ்வாறு எதிர்க்கப்பட்டது என்பவற்றோடு, புரட்டாசியில் சென்னையிலிருந்து திருப்பதிக்கு ஊர்வலமாகச் செல்லும் திருக்குடைகளும் அங்கே பேசப்படும்.