சுவரை மனத்தில் விரித்தவர்

பார்வையற்ற ஒருவர் படம் வரைந்தால் நாம் படத்தைப் பார்ப்பதில்லை. "எப்படித்தான் வரைந்தாரோ!" என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வங்க ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்கு இந்த இரக்கம் தேவையே இல்லை.

1904-இல் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது; இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. அந்தக் கண்ணோடுதான் 1919-இல் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலா பவனத்தில் ஓவியர் நந்தலால் போஸிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அவருடைய பெரிய சாதனை, 1946-47-இல் அங்கே இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் வரைந்த இடைக்காலப் பக்தர்களின் வாழ்க்கை. ஈரச் சுண்ணாம்புக் காரையில் வரைவது பொல்லாத வேலை. பூச்சு காய்வதற்குள் நிறம் உள்ளே இறங்க வேண்டும். காய்ந்தபின் திருத்தினால் ஒட்டாது. அதனால் படத்தை முழு அளவில் தாளில் வரைந்து, சுவரில் பிரதியெடுத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். பினோத் பிஹாரி அதைச் செய்யவில்லை. நேராகச் சுவரில் இறங்கினார். அத்தனை பலவீனமான கண்ணுக்கு முழுச் சுவரும் ஒரே வீச்சில் அகப்பட்டிருக்காது. கபீர், துளசிதாசர், கூட்டம், ஊர், ஆறு எல்லாவற்றையும் மனத்தில் விரித்து வைத்துக்கொண்டு துண்டு துண்டாக இறக்கியிருக்கிறார். பார்வையற்றவர் என்று மரபு சொல்லும் சூர்தாசரும் அந்தச் சுவரில் இருக்கிறார்.

ஐம்பது வயதைத் தாண்டியபின், கண்புரை அறுவை சிகிச்சை பலிக்காமல் மிச்சப் பார்வையும் போயிற்று. இடையில் விட்டுச் சென்றிருந்த சாந்திநிகேதனுக்கு 1958-இல் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். தாளை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், கோட்டோவியம் வரைந்தார். 1972-இல் கலா பவனச் சுவரில் ஓடுகள் பதித்த பெரிய படைப்பு ஒன்றையும் முடித்தார். இவற்றில் எனக்குப் பிடித்தவை தாள் படங்கள்தாம். வெட்டின விளிம்பு விரலுக்குத் தெரியும். நிறத்துக்கு மட்டும் அடுத்தவர் கண் வேண்டும். மனிதர்களின் இருப்பும் சாய்வும் அவற்றில் அவ்வளவு துல்லியம். பார்வை போனதால் பிறந்த திறமை என்று இதைச் சொல்ல மாட்டேன். இந்தி பவனத்தில் செய்த அதே வேலைதான்; முழுமையை உள்ளே வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக வெளியே எடுப்பது.

1940-களின் தொடக்கத்தில் அவரிடம் படித்த சத்யஜித் ராய், 1972-இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். சுமார் 20 நிமிடந்தான். தேடிப் பாருங்கள், பார்க்கும்போது உச்சுக்கொட்டாமல் படங்களைக் கவனியுங்கள்.