பதிவில் ஒலிக்கும் குரல்

பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த திருமணக் காணொளியைக் குடும்பத்தினர் கூடிப் பார்க்கிறார்கள். சிரிப்பும் பேச்சுமாக இருக்கும் வேளையில் ஒருவர் மட்டும், “ஐயோ, என் குரலா இது? நிறுத்துங்கள்!” என்று காதைப் பொத்திக்கொள்கிறார். மற்றவர்களுக்கோ அதில் வியப்பேதும் இல்லை. “நீங்கள் எப்போதும் இப்படித்தானே பேசுவீர்கள்!” என்கிறார்கள்.

இரு தரப்பினர் சொல்வதும் சரிதான். ஒருவர் பேசும்போது அவருடைய குரல் இரண்டு வழிகளில் அவரது உட்செவியை அடைகிறது. ஒன்று காற்று, மற்றொன்று மண்டையோட்டு எலும்புகள். எலும்பின் வழியே தாழ்ந்த சுருதி ஒலிகள் நன்றாகக் கடந்து செல்வதால், அவர் குரல் அவருக்குக் கனமாகக் கேட்கிறது. காதுகளை விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பார்த்தால் இது புரியும். ஒலிப்பதிவுக் கருவியோ காற்றில் வரும் ஒலியை மட்டுமே பதிவு செய்கிறது. எனவே, குரல் மெலிந்து ஒலிக்கிறது. மற்றவர்கள் அன்றாடம் கேட்பதும் ஏறக்குறைய அந்தக் குரலைத்தான்.

1877ஆம் ஆண்டில் தாமஸ் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கும்வரை, பேசிய சொல்லை மீண்டும் கேட்க மனிதருக்கு வழியே இருந்ததில்லை. ஆகவே, இந்தக் கூச்சமும் புதியதுதான்! 1966ஆம் ஆண்டில் பிலிப் ஹோல்ஸ்மன், கிளைட் ரவுசி என்ற உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினர். சுருதி மாறுவது மட்டும் காரணமன்று. மறைக்க நினைக்கும் தயக்கமும் பதற்றமும் பதிவில் வெளிப்பட்டுவிடுகின்றன என்பது அவர்கள் கருத்து. வாய்மொழித் தேர்வுக்காகத் தம் பேச்சைத் திறன்பேசியில் பதிவு செய்து கேட்ட மாணவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதல் பலருடைய நினைவுகள் வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் அவற்றுள் பலவற்றைக் கேட்கலாம். தமிழில் பேசியவர்களும் உண்டு. அச்சில் வந்தால் திருத்தப்பட்டுவிடக்கூடிய திணறலும் இருமலும் ஒலிப்பதிவில் அப்படியே நிற்கும்.

வீட்டுப் பதிவுகளும் அப்படித்தான். எதைச் சொல்லத் தொடங்கினாலும் “அது வந்து...” என்று இழுப்பது ஒரு பாட்டியின் வழக்கமாக இருந்திருக்கலாம். அவர் மறைந்தபின் பேரப்பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த இழுவையைத்தான். பதிவு செய்த அன்று, “என் குரல் நன்றாகவே இல்லை, அழித்துவிடு” என்று அவர் சொல்லியிருக்கக்கூடும்.