ஸ்தம்பிக்கும் கணிப்பொறி

குறிஞ்சிப்பாடியில் தறிகள் பெருமளவு குறைந்துவிட்டனவென்றாலும் எங்கள் தெருவில் லுங்கி நெய்யும் ஓசை இன்னும் விடியற்காலையில் கேட்கிறது. அவ்வோசைக்கு நடுவே, சுவரோரம் தரையில் வைத்திருந்த என் கணிப்பொறி, சென்ற கோடையில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஸ்தம்பித்து நிற்கும் வழக்கத்தைப் பழகிக்கொண்டது. அம்புக்குறி அசையாது, திரையின் மூலையிலுள்ள கடிகாரம் 4:17 என்று காட்டினால் அப்படியே 4:17-இல் நிற்கும், விசிறி மட்டும் ஒன்றும் நடவாததுபோல் சுற்றிக்கொண்டிருக்கும்.

இவ்வாறு நேரும்போது, நின்றுபோனது யந்திரம் முழுவதுமா, அல்லது ஒரு மென்பொருள் மாத்திரமா என்பதை முதலில் அறிய வேண்டும். விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்த, அதன் சிறு விளக்கு எரிந்து அணையுமானால் உள்ளே உயிர் இருக்கிறது. என் பெட்டியில் விளக்கு அசையவில்லை. ஆகவே உறுப்புகளின் மீதே சந்தேகம் விழுந்தது.

காரணமே இல்லாமல் நிற்கிறதென்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நின்ற வேளைகளைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பத்து நாள் குறித்து வந்தபோது, காலையில் இரண்டு மணி நேரம் தாங்கிய பெட்டி பிற்பகலில் 40 நிமிஷங்கூடத் தாங்கவில்லையென்பது புலப்பட்டது. உஷ்ணத்தின் வேலை!

மின்சாரத்தைத் துண்டித்துப் பக்கத் தகட்டைக் கழற்றினால், பிராசஸரின் தலைமேல் அமர்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியேற்ற வேண்டிய அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் பஞ்சுத்தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. "தார் சுத்தலாம் போல இருக்குதே அண்ணே" என்றார், எட்டிப்பார்த்த அடுத்த வீட்டு நெசவாளி. தூரிகையால் அதைத் தட்டியெடுத்தபின் ஸ்தம்பிப்பு குறைந்ததே தவிர ஒழியவில்லை. ஏனெனில், இக்காலத்துப் பிராசஸர் ஏறத்தாழ 100 டிகிரி செல்ஸியஸை நெருங்கும்போது தானே தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளும்; அதுவும் போதாவிடில் யந்திரத்தை அணைத்துவிடும். அணையாமல் உறைந்து நிற்பதற்கு வேறொரு காரணமும் துணை நிற்க வேண்டும்.

அதைத் தேடுகையில் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். அறுந்த பாவிழையைத் தேடுகிறவன் இரண்டு இழைகளைச் சேர்த்து இழுத்துப் பார்ப்பதில்லை. ராம் பலகைகள் இரண்டையும் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெல்லத் துடைத்து, தனித்தனியே பொருத்தி, நினைவகத்தைச் சோதிக்கும் மென்பொருளை ஒவ்வோர் இரவு முழுவதும் ஓடவிட்டேன். பிழை ஒன்றுமில்லை.

பிறகுதான், டார்ச் வெளிச்சத்தில், பிராசஸரை அடுத்து வரிசையாக நிற்கும் சிறு உருளைகளான கெபாசிட்டர்களில் இரண்டின் தலை, தட்டையாயிராமல் உப்பியிருப்பதைக் கண்டேன். பிராசஸர் ஒரு நொடியில் அதிக மின்சாரத்தைக் கேட்கும்போது, அதை உடனே கொடுத்து வோல்டேஜைச் சமமாக வைத்திருப்பது இவற்றின் தொழில். உள்ளேயிருக்கும் திரவம் உலர்ந்துவிட்டால், வோல்டேஜ் ஒரு கணம் சரிய, 1 என்பது 0 என்று வாசிக்கப்பட்டு, கணக்கு தடம்புரண்டு, யந்திரம் நின்றுவிடுகிறது. அத்திரவத்தை உலர்த்துவதும் உஷ்ணமே: வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலாளர் கணக்கு. பஞ்சு சூட்டை அடைத்தது. சூடு கெபாசிட்டரைத் தின்றது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், திரவத்தின் கலவை பிழைபட்டதனாலேயே உலகெங்கும் எண்ணற்ற மதர்போர்டுகள் இதே விதமாய் உப்பிக் கெட்டன.

திருப்பாதிரிப்புலியூரில் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர், அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவுள்ள இரண்டைப் பற்றவைத்துக் கொடுத்தார், கணிப்பொறிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நாம் திறக்கலாகாதென்றும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடுமென்றும் எச்சரித்தார். இப்பொழுது கணிப்பொறி தறியோரத்துச் சுவரை விட்டு, மேசைமீது ஏறியிருக்கிறது. நோட்டின் பின்பக்கத்திலும் பால் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள்.